அழும் படங்கள் இங்கே கிடைக்கும்

அழும் அம்மன் படம் இல்லாத வீட்டில் பெண் கொடுக்கவே தேயிலை மலைக் கொட்டகலையில் அந்த வருடம் யோசித்தார்கள். படம் கொழும்பில் சித்திரானந்தர் என்பவரின் கலைக்கூடத்தில் மட்டும் கிடைக்கும். வீட்டில் குற்றம் இருந்தால் அம்மன் கண்ணீர் விடுவாளாம். தங்கள் வீட்டில் என்ன குற்றம் என்று தெரிந்துகொள்ள ஆட்கள் கம்பளிக் கோட்டோடு ரயில் ஏறினார்கள். கொழும்பில் வியர்த்து வழிந்தார்கள்.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் லெட்சுமணன் கங்காணியும் ஏறினார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற கூலியாள் வீட்டில் இருக்கும் படம் கங்காணி வீட்டில் இல்லாமல் போகலாமா?

கலைக்கூடம் எங்கே என்று கேட்டதற்கு ஆளுக்கொரு தெருவைக் காட்டினார்கள். முதலில் நுழைந்த கூடத்தில், ஒரு படத்தில் பெண்ணின் மூக்கு காதருகே இருந்தது. கனவான்கள் அதன் முன் நின்று பெருமூச்சு விட்டார்கள்.

"இது கண்ணீர் விடுங்களா?" என்று கேட்டார் கங்காணி.

"வெலயக் கேட்டா நீங்க விடுவீங்க," என்றான் வாசல்காரன்.

சித்திரானந்தரின் கூடத்தில் ஒவ்வொரு படத்தின் தலைக்கு மேலும் ஒரு மின்விளக்கு எரிந்தது. அந்த வெக்கையில் எந்த அம்மனும் அழவில்லை.

"இங்க ஏன் சாமி அழல?"

"இங்க குத்தமில்ல," என்றார் சித்திரானந்தர். இடுப்பில் காவிப் பட்டு, நகத்தில் சாயம். "வீட்டு முன்னால மாட்டுங்க. அடுப்படி ஆகாது, அம்மனுக்குப் புகை பிடிக்காது. ஆனி மாசம் நானே மலைக்கு வர்றேன். அழுதா பரிகாரம் சொல்றேன்."

ஆனி வந்தது. மழை வந்தது, மலையை மூடும் பனிமூட்டம் வந்தது. கங்காணி வீட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணைச் சுவரில் தொங்கிய அம்மன் அழுதாள். லயம் லயமாக, வரிசை வீடுகளில் எல்லாம், அம்மன்கள் அழுதார்கள். சித்திரானந்தரும் வந்தார்.

ஒரு வீட்டில் குற்றம் சேவலிடம் இருந்தது. இன்னொரு வீட்டில் புதுக் கம்பளியிடம். அம்மனுக்குப் பிடிக்காதவை எல்லாம் கையில் எடுத்துப் போகக் கூடியவையாகவே இருந்தன. கங்காணி வீட்டில் மருமகள் காளியாயியின் கழுத்தில் அட்டியல் மின்னியது.

"இந்தப் பொண்ணு கால் வச்ச தோஷம். தாய் வீட்டுக்கு அனுப்பிடுங்க. அட்டியல் எங்கிட்ட இருக்கட்டும், பூசை செய்யணும்."

கங்காணிக்குத் தெரியும், நல்ல பெண். ஆனால் தம் கையாலேயே பார்த்து வாங்கிய படம் பொய் சொல்லுமா?

"விடிஞ்சதும் எறம்பொடைக்கு, ஒங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறு ஆயி," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

காளியாயி அழவில்லை. அம்மனின் கன்னத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள்.

"உப்பாருக்கே சாமி."

"கண்ணீர் இனிக்குமா?" என்றார் சித்திரானந்தர். பார்க்க வந்திருந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சரிங்க," என்று அவள் உள்ளே போனாள்.

காலையில் வழியனுப்ப, சித்திரானந்தரோடு லயமே கூடிவிட்டது. இஸ்தோப்பில் அம்மனைக் காணோம். அதே ஆணியில் ஒரு பிஸ்கட் தகர மூடி தொங்கியது. அதில் வெள்ளை நாய் ஒன்றின் படம். நாய் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தது.

"நாய் யாருக்காக அழுவுது சாமி? இதுக்கு யார அனுப்பணும்?" என்று கேட்டாள் காளியாயி.

சித்திரானந்தர் உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மன் அடுப்புக்கு மேலே தொங்கினாள். கண் காய்ந்து, ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது.

"பாருங்க, அம்மன் அழுகைய நிறுத்திட்டா. தோஷம் கழிஞ்சிருச்சு."

"நான் இன்னும் போகவே இல்லையே."

யாரோ சிரித்தார்கள்.

"உப்புச் சட்டிய நாம எங்க வைக்கிறோம்?" என்று காளியாயி கூட்டத்தைக் கேட்டாள்.

"அடுப்பு மேட்டுல," என்றாள் பேச்சியம்மா. "வெளிய வச்சா மூட்டத்துல தண்ணி விட்டுருமே."

"நாய்க் கண்ணுல நான் உப்புக் கஞ்சி தடவுனேன். அம்மன் கண்ணுல இவரு தடவியிருக்காரு. அதான் அடுப்படி ஆகாதுங்கிறாரு."

சேவல்காரர் முன்னால் வந்தார். கம்பளிக்காரர் சட்டைக் கையை மடக்கினார். காளியாயிக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்தில் சித்திரானந்தர் பஸ் ஏறினார், அட்டியலும் கம்பளியும் இல்லாமல்.

கங்காணி அம்மன் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். "இத என்ன ஆயி செய்யிறது?"

"மறுபடி வெளியவே மாட்டுங்க மாமா. மழை வருதான்னு பாத்துக்கலாம்."

மூட்டத்தில் உப்பு கரையும் என்பது அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தினமும் உப்புச் சட்டியை அடுப்பு மேட்டில் பத்திரமாக வைத்தார்கள். கூடவே புத்தியையும் அங்கேயே வைத்துவிட்டுச் சாமியாரைப் பார்க்க வெளியே வந்தார்கள். அப்படி வருகிறவர்களுக்கு எந்தப் படமும் அழும்.