சகலை படிக்கும் கால்குலஸ்

"முதல்ல கத்தியக் கழுத்துலேர்ந்து எடுங்க. அப்புறம் பேசலாம்" என்றார் கணக்கு வாத்தியார்.

சலூன்காரர் கத்தியை விலக்கினார். கேள்வியை விடவில்லை.

"இந்த வயசுல கணக்கை மறுபடி படிக்கணும்னா எங்கேர்ந்து சார் ஆரம்பிக்கறது?"

"திடீர்னு என்ன ஆசை?"

ஆசையாவது ஒன்றாவது, எல்லாம் சகலையால் வந்த வினை. மனைவியின் தங்கையைக் கட்டிய அந்தத் துணிக்கடை மேனேஜர், பள்ளியோடு தலைமுழுகிய கணக்கை மறுபடி பிடித்துக் கால்குலஸ் வரை போய்விட்டாராம். ஒரு வாரமாக வீட்டில் இதே பாட்டு. தட்டு வைக்கும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை. சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. சகலை புது வண்டி வாங்கியபோதுகூட இவ்வளவு எரியவில்லை. வண்டி என்றால் தானும் ஒன்று வாங்கிவிடலாம். மூளைக்கு எந்தக் கடைக்குப் போவது?

"பின்னத்துலேர்ந்து ஆரம்பிங்க."

"அது சின்னப் பசங்க சமாச்சாரம் சார். எனக்குக் கால்குலஸ்தான் வேணும்."

"உங்க இஷ்டம். கிருதாவைச் சமமா எடுங்க."

அன்றே தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வாங்கினார். முதல் பக்கமே புரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம், மனைவி கேட்டதும், "பாதி முடிச்சாச்சு" என்று வாயை விட்டார்.

மறுநாள் மனைவி முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள்.

"என்னங்க, அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஞாயித்துக்கிழமை ரெண்டு மாப்பிள்ளையும் எதிரெதிரா உக்காந்து கணக்குப் போடணுமாம்!"

சலூன்காரருக்கு வியர்த்தது. மாமனார் வீட்டுக் கூடத்தில், சகலைக்கு எதிரில், பேந்தப் பேந்த முழிப்பதா? பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்கினார். அதற்கு எட்டாம் வகுப்பு தெரிந்திருக்க வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்போ பின்னம் தெரியுமா என்று கேட்டது.

அந்த யோசனையிலேயே, முடிவெட்ட வந்த தபால்காரருக்கு இடப்பக்கம் அதிகமாக வெட்டிவிட்டார். சமன் செய்ய வலப்பக்கம், பிறகு மறுபடி இடப்பக்கம். கடைசியில் மொட்டை.

"வெயிலுக்கு நல்லதுண்ணே" என்றார்.

தபால்காரர் தொப்பியைக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை, வேறு வழியில்லாமல் மகளின் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகத் திறந்தார். பின்னம் புரிந்தது! பின்னால் நின்ற மகள் தன் நோட்டை நீட்டினாள். போட்டுக் காட்டினார். விடை சரி.

"சூப்பர்ப்பா! அம்மான்னா இதுக்குள்ள தலையைப் பிச்சுக்கிட்டிருப்பாங்க. இனிமே நீங்களே சொல்லிக் குடுங்க."

சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் வகுப்பானால் என்ன, சகலையை ஒரு கை பார்த்துவிடலாம்.

அப்போது மனைவியின் போன் அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இவரே எடுத்தார். வாய் திறப்பதற்குள் கொழுந்தியாள் கொட்டினாள்:

"அக்கா, உன் யோசனை பலிச்சிடுச்சு! மாமா கால்குலஸ் படிக்கிறார்னு நான் ஏத்திவிட்டதுல, இவரும் பொறாமைப்பட்டு குண்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு வகுப்பா இறங்கி, இன்னிக்கு எங்க பையனோட வீட்டுப்பாடத்துக்கு வந்து சேர்ந்துட்டாரு. இனிமே அவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறது அவர் பாடு. மாமா உன் பொண்ணு வகுப்புக்கு இறங்கிட்டாரா, இல்லையா?"