விற்றுவிட்டவன் வீட்டிலிருந்து

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் அனைவரும் சுகம். காதளவில் நான் சுகமில்லை.

உன் மருமகன், நம் பெரியவனுக்கு நீ ஆசையாக வாங்கிக்கொடுத்த ஸ்பீக்கரைத் தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. லாரி ஆபீஸில் நாள் முழுக்க இரும்புப் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பெரியவன் அறையிலும் அதே சத்தம். டப்ஸ்டெப் என்று ஒரு இசையாம், இவனே கம்ப்யூட்டரில் பண்ணுகிறான். கொஞ்ச நேரம் பூனை மாதிரி போகும், அப்புறம் சுவரே உறுமும். அந்த உறுமலுக்காக இணையத்தில் ஒரு கூட்டம் இவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது; அங்கே இவன் பட்டப்பெயர் 'பாதாளம்'. ரசிகர் குழுவுக்குத் தலைவி நம் சின்னவள். போன மாதம் ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரத்துக்கு அந்த உறுமலைக் கேட்க, இவனும் கொடுத்துவிட்டான். சாப்பிடும்போது சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு, "அண்ணன் வித்துட்டான்ப்பா" என்றாள். நான் பதறிப்போய், "எதை? அம்மா நகையையா?" என்றேன். "தன்னையே வித்துட்டான்!" என்று எழுந்து போனாள்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. குழுவும் இரண்டாக உடைந்தது. மெத்தை விற்கிறவன் கலைஞனா என்று ஒரு கட்சி, கலைஞனுக்கு வயிறு இல்லையா என்று இன்னொரு கட்சி. வீட்டில் நான் தபால்காரன். "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்கப்பா." "தன்னை வித்தவனுக்கு உப்பு எதுக்குன்னு கேளுங்கப்பா." சமாதானம் பண்ணலாமென்று பழைய பாட்டையும் விளம்பரத்தையும் உட்கார்ந்து கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானேடா?" என்று சொல்லி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பழசுல ஒரு உண்மை இருக்குப்பா, அது அடிவயித்துலேருந்து வருது" என்றாள் சின்னவள். ஒட்டிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்க மனசு தாங்கவில்லை மச்சான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. பெரியவனும் புதிதாக எதுவும் போடவில்லை. "அந்த உறுமல் சிக்கமாட்டேங்குதுப்பா" என்று என் முகத்தையே பார்க்கிறான்.

இன்று மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து என் அறைக்கு வந்தார்கள். அவள் தலையணையைத் தட்டிப் போட்டாள், அவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். "நாங்க ராசியாயிட்டோம்ப்பா. நீங்க நிம்மதியா தூங்குங்க." கண் கலங்கிவிட்டது. வேறென்ன வேண்டும் எனக்கு? அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். ஆனாலும் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போ.

அக்கா விசாரித்தாள். தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கும், முக்கியமாக அவர்கள் காதுகளுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
தூங்கி எழுந்த உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், உன் அக்கா என் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மைக்கை எடுத்தாள். அந்த உறுமல் என் குறட்டையாம்! பதிவு பண்ணி மெதுவாக ஓடவிட்டால் அப்படி வருமாம். உண்மை, உண்மை என்று கொண்டாடியதும் அதுதான், மெத்தை விற்றதும் அதுதான். பெரியவன் இந்த ரகசியத்தைச் சொன்ன பிறகுதான் சின்னவள் ராசியானாளாம். "அண்ணன் தன்னை விக்கலப்பா, உங்களைத்தான் வித்திருக்கான்" என்கிறாள், ரொம்ப நிம்மதியாக. இப்போது படுத்தால் தூக்கம் வரவில்லை. சும்மா குறட்டை விட்டுப் பார்த்தேன், "நடிக்காதீங்கப்பா, ரசிகர்கள் கண்டுபிடிச்சிருவாங்க" என்று கதவுக்கு வெளியிலிருந்து இரண்டு குரலும் சேர்ந்து கத்தின. ஸ்பீக்கர் இங்கேயே இருக்கட்டும். நல்ல தலையணையாக ஒன்று மட்டும் வாங்கி அனுப்பு. அந்தக் கம்பெனி தலையணை வேண்டாம். நானும் வித்துட்டேன் என்று நாலு பேர் பேசுவார்கள்.