கிளைதாவிக்கு எக்ஸ்டென்ஷன் வந்த கதை

ஒரே இணையப் பக்கத்தை நான்கு பிரவுசரில் திறந்து பார்த்தால்தான் நம்புவேன் என்று இருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் நெய்வேலியில், எங்கள் அலுவலகத்தில், எனக்குப் பின்சீட்டில் வந்து வாய்த்தார். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். இன்னும் அங்கேதான் எனக்குச் சம்பளம்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கிளைதாவி. குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பேங்க் வேலைக்கு ஒரு பிரவுசர், ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று, ஆபீஸ் சைட்டுக்கு ஒன்று என்று வைத்திருந்தார். நான்காவதைத் திறக்கும்போது மட்டும் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வரன் தேடும் சைட் என்று எல்லாருக்கும் தெரியும். நாற்பதைத் தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒன்றின் வேலையை இன்னொன்றில் யாராவது செய்துவிட்டால், பாயசப் பாத்திரத்தில் கருவாடு வறுத்ததுபோலப் பதறிப்போவார்.

"எல்லாம் ஒண்ணுதானேய்யா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எப்டி சார் ஒண்ணாவும்? மாமனாரு, மச்சான், கடங்காரன் எல்லாரையும் ஒரே குவார்ட்டர்ஸ்ல தங்க வெப்பீங்களா? தனித்தனி வூடு வேணும் சார். நடுவுல ஒரு கதவு வேணும்."

அந்தக் கதவைத்தான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் கிடைத்துவிட்டது. பிரவுசரின் மூலையில் ஒட்டிக்கொள்ளும் குட்டிப் பொத்தான். அழுத்தினால், பார்த்துக்கொண்டிருக்கும் பக்கம் அப்படியே வேறு பிரவுசரில் போய்த் திறக்கும். இப்படி ஒட்டவைக்கிற சமாச்சாரத்துக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். சந்தோஷம் தாங்காமல் வராந்தாவில் போய் நின்று கத்தினார்: "எக்ஸ்டென்ஷன் வந்துடுச்சி! எக்ஸ்டென்ஷன் வந்துடுச்சி!"

நெய்வேலியில் கான்ட்ராக்ட் ஆட்களின் காதுபடக் கத்தக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அதுதான். கான்ட்ராக்டை நீட்டிப்பதற்கும் அங்கே அதே பெயர். அந்த மாதம் பாதிப் பேருக்குக் கான்ட்ராக்ட் முடிகிற சமயம். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு வந்து, "எத்தினி மாசத்துக்குங்க?" என்றார். ஜீப் டிரைவர் அதற்குள் வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லியேவிட்டார்.

விஷயத்தை விளக்கியபோது யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்கா திரும்பிப் போய், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார். கிளைதாவிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒவ்வொருவரிடமாகப் போய், "தப்புதாங்க. என் கான்ட்ராக்ட்டும் அப்டியேதாங்க கெடக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் பொத்தானை விடவில்லை. எல்லார் கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டார், என்னுடையதிலும்.

அந்த வாரம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பலாப்பழத்தோடு நின்ற என் மாமனாரைக் கூட்டிவர நான் மறந்து தொலைத்தேன். மனிதர் வெயிலில் காய்ந்து, கடைசியில் பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக விசாரித்து வந்து சேர்ந்தார். மனைவி என்னோடு பேச்சை நிறுத்தினாள். தட்டில் சோறு விழுந்தது, வாயிலிருந்து ஒரு சொல் விழவில்லை. வேறு வழி தெரியாமல், ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரும் தொடாத பிரவுசராகப் பார்த்துத் திறந்து ஒரு கேள்வியைத் தட்டினேன். படிப்பதற்குள் யாரோ கூப்பிட, மூடிவிட்டு ஓடினேன். கடைசியாகப் பார்த்த பக்கத்தை அந்த பிரவுசர் பத்திரமாக எடுத்து வைத்திருந்து மறுபடி காட்டும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பெரிய அதிகாரி முன்னால் மீட்டிங். என் கம்ப்யூட்டரைத்தான் பெரிய திரையோடு இணைத்திருந்தார்கள். காட்டவேண்டிய ஆபீஸ் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்துக்கு இந்த வூடு ஒத்துக்காது சார்!" என்று கிளைதாவி பாய்ந்து வந்து பொத்தானை அழுத்தினார்.

வேறு பிரவுசர் திறந்தது. ஆபீஸ் பக்கம் வருவதற்குள் என் பக்கம் முந்திக்கொண்டு வந்து நின்றது. சுவர் அகலத்துக்கு எழுத்து: 'மனைவி பேசாவிட்டால் கணவன் என்ன செய்ய வேண்டும்?'

நிலக்கரி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அதற்கும் கீழே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

"யாருய்யா இது?" என்றார் அதிகாரி.

கிளைதாவி என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கையைத் தூக்கினார். "என்னுதுங்க சார்."

"உனக்குத்தான் கல்யாணமே ஆகலியேப்பா?"

"நாளைக்கி ஆனா தேவப்படும்ல சார். இப்பவே படிச்சிக்கினு இருக்கேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிற மனிதர், அத்தனை சிரிப்புக்கும் நடுவில் தூக்கிய கையை இறக்காமல் நின்றார். கழுத்தெல்லாம் வியர்வை. எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"சார், அது என்னுது. மாமனாரக் கூட்டியார மறந்துட்டேன்."

அதுவரை அடக்கிச் சிரித்தவர்களும் இப்போது மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பதில் என்ன போட்டிருக்கான்? கொஞ்சம் கீழ இறக்கு, பாப்போம்" என்றார்.

டவுன்ஷிப்பில் செய்தி ஷிப்ட் பஸ்ஸைவிட வேகம். நான் வண்டியை நிறுத்துவதற்குள் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வீட்டு விஷயத்த ஊருக்கே படம் போட்டுக் காட்டியாச்சா? நாளைக்கு நான் எப்படிங்க தெருவுல நடக்கறது?"

பேசிவிட்டாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து வாங்கினேன். மூச்சு வாங்க நிறுத்தியவள், "கையத் தூக்கினாராமே ஒருத்தர், அவர ஞாயித்துக்கிழம சாப்பிடக் கூப்பிடுங்க" என்றாள்.

கிளைதாவி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏண்ணே, அத்தன பேர் முன்னாடி உங்களுக்கு வெக்கமா இல்லியா?" என்று மனைவி கேட்டாள்.

"இருந்துதும்மா. ஆனா சாரு சாயங்காலம் வூட்டுக்குப் போயி பதில் சொல்லணும்ல. என்னிய யாரு கேக்கப்போறாங்க?"

சொல்லிவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். மனைவி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அரிசி அளக்கும்போது அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அவருக்கும் சேர்த்தே அளந்துவிடுகிறாள்.