பச்சை எரிந்தால் பத்திரம்

தொழிற்சாலைக் கூட்ட அறையில் கால் வைக்க இடமில்லை. கணக்குப் பிரிவுக்காரர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்கும் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அதிசயம் என்றால் அப்படித்தான். 'ஏஐ ஆசான்' என்று பெயரெடுத்த ஆலோசகர் வந்திருந்தார். அட்டைப்பெட்டியை அழுத்தி மடிக்கும் இயந்திரத்துக்கான கட்டுப்பாட்டு நிரலை மூன்றே நிமிடத்தில் ஏஐயிடம் எழுதி வாங்கித் தருவாராம்.

வாங்கியும் தந்தார். கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டுத் தட்டச்சு செய்தார். மூச்சு எதற்கு என்று தெரியவில்லை. நிரல் கொட்டியது. திரைக்குள்ளேயே ஒரு பொம்மை இயந்திரம் ஓடியது; விளக்கெல்லாம் பச்சை. சரிபார்த்தாகிவிட்டதா என்று மேலாளர் கேட்டார். உடனே ஆசான், நிரலை எழுதிய அதே ஏஐயிடம், "இது பாதுகாப்பானதுதானே?" என்று தட்டினார். "ஆம், முற்றிலும் பாதுகாப்பானது" என்று பதில் வந்தது. பரீட்சை எழுதியவனையே பேப்பர் திருத்தச் சொன்ன கதை. மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மாலையே நிரலை இயந்திரத்தில் ஏற்றச் சொன்னார்.

மறுநாள் காலை, இயந்திரத்தை ஓடவிடும் முன், தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் குறுக்கே வந்து நின்றார். அந்த இயந்திரத்தை ஓட்டுபவள் அவருடைய தங்கை. அட்டை சிக்கினால் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, உள்ளே கையை விட்டு எடுப்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை. அண்ணனுக்குப் பயம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

சிவப்பை ஒரு தடவை அமுக்கி, விடுவித்துப் பார்க்கலாமே என்றார். ஆசான் சிரித்தார். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எதையும் விளக்க முடியாது என்றார். நம்பிக்கை என்ற சொல் காதில் விழுந்ததும், வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் எலக்ட்ரீஷியனை முறைத்தது.

"என் தங்கச்சி கை திரைக்குள்ள இல்ல சார். இங்க இருக்கு."

இயந்திரத்தை ஓடவிட்டுச் சிவப்பை அமுக்கினார். நின்றது. ஆசான் நெஞ்சை நிமிர்த்தினார். எலக்ட்ரீஷியன் தரை துடைக்கும் மாப்பின் மரக்கட்டையை உள்ளே நீட்டி, பொத்தானைத் திருகி விடுவித்தார். இனி யாராவது தொடக்கப் பொத்தானைத் தொட்டால்தான் இயந்திரம் அசைய வேண்டும். யாரும் தொடவில்லை. ஆனாலும் அட்டையை அழுத்தும் இரும்புத் தகடு தானாக இறங்கியது. கட்டை இரண்டு துண்டாகிவிட்டது.

தங்கை தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஆசான் அவசரமாக ஏஐயிடம் முறையிட்டார். அது மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறொரு நிரலைக் கொடுத்தது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டவர் மனம் கோணாமல் பேசுவது அதன் பழக்கம். இந்த முறை முற்றிலும் பாதுகாப்பானது என்று ஆசான் வாசித்துக் காட்டினார்.

"சரி சார். இதை ஏத்தினதும் முதல்ல உங்க கையை உள்ள விடுங்க," என்றாள் தங்கை.

ஆசானின் இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள் போய்விட்டன. பிறகு விசாரித்ததில், அவர் ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதே அன்றுதான் முதல் தடவையாம்.

நிரலை ஏஐ எழுதட்டும், யார் வேண்டுமானாலும் எழுதட்டும். பத்திரம் என்று ஒருவர் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேளுங்கள் ஐயா. கழுத்துக்கு மேல் தலை இருப்பது ஆட்டுவதற்கு மட்டும் அல்ல.