சுரபிக்கு ஒரு வரன்

"பொண்ணுக்கு என்ன நட்சத்திரம் தம்பி?"

கதவருகே நின்று கேட்டார் சாமுண்டீஸ்வரி. அகிலன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திருதிருவென்று விழித்தான். டன்லப் ஸ்திரீட்டில் அவன் வாடகைக்கு இருக்கும் மாடியறை அவருடையது. போன வருடம் அவன் பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டிக் கொண்டுவந்த நல்ல மனுஷி. அவரிடம் போய் இப்படியொரு பொய்யைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் விசாரிக்கும் பெண்ணின் பெயர் சுரபி. வரியையும் மெட்டையும் கணினியில் போட்டால் பாடிவிடுவாள். அகிலனின் ஒற்றை ஆள் கம்பெனி உருவாக்கிய சாஃப்ட்வேர் பாடகி. அடுத்த மாதம் விற்பனைக்கு வரப்போகிறாள்.

முன்பு குடியிருந்தவர் கரோக்கே வைத்துத் தெருவையே அலற விட்டதால், பாடுகிற மெஷின் எதுவும் மாடி ஏறக்கூடாது, ஏறினால் அன்றே காலி என்று சொல்லித்தான் சாமுண்டீஸ்வரி சாவியைக் கொடுத்திருந்தார். அதனால் யார் பாடுவது என்று அவர் கேட்டபோது, வேலைக்கு வந்திருக்கும் பெண், பாடிப் பழகுகிறாள் என்று அளந்துவிட்டான். வேறென்ன செய்வான்? இந்த வாடகைக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கழிவறைகூடக் கிடைக்காது.

பெண் யாரு எவரு என்று அவர் துருவத் தொடங்கவும், வாயை அடைக்க சுரபியின் விவரத்தாளை எடுத்து நீட்டினான். இந்த மாதிரிப் பாடகிகளுக்கு உயரம், நிறம், பிடித்த சாப்பாடு எல்லாம் எழுதிப் பெட்டிமேல் போடுவது தொழில் வழக்கம். சாமுண்டீஸ்வரி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"அஞ்சடி ரெண்டு. இடியாப்பம் பிடிக்கும். பயோடேட்டாவே ரெடியா வச்சிருக்கியே."

மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது போன வாரம். இன்றைக்கு நட்சத்திரம் கேட்டு வந்து நிற்கிறார், கையில் ஒரு வரனாம்.

அகிலனுக்கு அபாரமான யோசனை ஒன்று வந்தது. அவனுடைய ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா நாலு வருடமாக அலைகிறார். எந்தப் பெண்ணோடும் பொருந்தவில்லை. இதைவிட நம்பகமான ஜாதகம் எங்கே கிடைக்கும்? தன் பிறந்த தேதியையும் நேரத்தையும் அப்படியே ஒப்பித்தான்.

மறுநாளே லட்டோடு வந்துவிட்டார்.

"பத்துக்கு ஒம்பது பொருத்தம் தம்பி."

லட்டு அவன் தொண்டையில் நின்றது. பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது என்றான். மாப்பிள்ளைக்குச் சாப்பாடே வேண்டாம் என்றார். பெண் அறையை விட்டு வெளியே வரமாட்டாள் என்றான். அவனும் அப்படித்தானாம். நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பாள் என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டான்.

"அவனும் பாடுவான்லா" என்று குளிர்ந்துபோன சாமுண்டீஸ்வரி, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஞாயிறும் வந்தது. அகிலன் பாதிச் சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தான். சாமுண்டீஸ்வரி பூவும் வெற்றிலை பாக்குமாகத் தட்டோடு வந்தார். பின்னால் பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்த அவருடைய அண்ணன் மகள் இனியா, தோளில் ஒரு லேப்டாப் பையோடு. மாப்பிள்ளையைக் காணோம்.

"பொண்ண ஒரு பாட்டுப் பாடச் சொல்லு தம்பி."

இதற்குமேல் அவனால் முடியவில்லை. "பொண்ணே இல்ல ஆன்ட்டி. மெஷின். மன்னிச்சிடுங்க, நான் இன்னிக்கே காலி பண்ணிடுறேன்."

யாரும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. இனியா லேப்டாப்பைத் திறந்து மேசைமேல் வைத்து ஒரு பொத்தானைத் தட்டினாள். கம்பீரமான ஆண் குரல் ஒன்று ஆலாபனையை ஆரம்பித்தது. அகிலனுக்குப் புல்லரித்துவிட்டது.

"மாப்பிள்ளை இவன்தான். பேரு அதிரன்" என்றாள் இனியா. "நான் செஞ்ச சாஃப்ட்வேர். உங்க சுரபி குரலைக் கீழே நின்னு கேட்டதுமே மெஷின்னு அத்தை கண்டுபிடிச்சிட்டாங்க. எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவன் ஒரே வரியை நாள் பூரா பாடுறதக் கேட்டவங்களாச்சே. டூயட் பாட வைக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

அப்புறம் என்ன? சுரபியும் அதிரனும் சேர்ந்து பாடினார்கள். பாட்டில் எங்கே மூச்சு வாங்கவேண்டும் என்று அகிலனும் இனியாவும் சண்டை போட்டார்கள், சிரித்தார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். தட்டோடு ஒருத்தர் நிற்பதே இருவருக்கும் மறந்துவிட்டது. கரோக்கே கத்தியது, இது பாடுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாமுண்டீஸ்வரி தீர்ப்புச் சொன்னபோதுதான் அகிலன் திரும்பினான். அறை பிழைத்தது. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது.

"மெஷின்னு தெரிஞ்சும் எதுக்கு ஆன்ட்டி ஜாதகம் பாத்தீங்க?"

சாமுண்டீஸ்வரி பூவை எடுத்து இனியாவின் தலையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"மெஷினுக்கு எவளாவது ஜாதகம் பாப்பாளா? கேசரி கிண்டிக் குடுத்தவளுக்கு அது யார் பிறந்தநாளுன்னு தெரியாதா தம்பி? ஒம்பது பொருத்தம் உனக்கும் இவளுக்கும்தான்."