தையல் அறையில் என்ன நடக்கிறது?

ஹாஸ்கெல் வகுப்பறைக் கதவைத் திறந்தார். பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன.

"மத்தவங்க எல்லாம் எங்கப்பா?"

முன்வரிசைப் பையன் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தான். "தையல் ரூம்ல இருப்பாங்க சார்."

"அங்கதான் தையலே சொல்லிக்குடுக்கிறதில்லையே."

"ஆமா சார்," என்றான் பையன், அதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

வாரன் ஹாஸ்கெல், வாஷிங்டனுக்கு வெளியே புறநகரில் இருந்த கோல்டர் க்ரீக் அரசு உயர்நிலைப்பள்ளியின் துணை முதல்வர். நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். எத்தியோப்பியப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, சால்வடோர் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, வியட்நாம்காரர்களுக்கு இன்னொன்று. கால்பந்து ஆடும் வெள்ளைக்காரப் பையன்கள் ஜன்னலோரத்தைப் பட்டா போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மேசைக்காரர் அடுத்த மேசைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

இவர்களைக் கலந்து உட்காரவைத்தே தீருவது என்று மூன்று வருடம் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வாங்கியிருந்தார். அதற்கு 'ஒன்றாய் இருப்போம்' என்று பெயரும் வைத்தார். எல்லாரையும் கலந்து வகுப்புகளில் உட்காரவைத்து, தன் அறையிலிருந்து ஒலிபெருக்கியில் அவரே பேசுவார். நட்பின் மேன்மை, எந்த நாட்டில் எப்படி வணக்கம் சொல்வார்கள், புன்னகையின் பயன்கள். பேசி முடித்ததும் கடைசி ஐந்து நிமிடம் ஒரு சுற்று வருவார்.

அன்றைய சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த தையல் அறைக்குப் போனார். கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்.

கால்பந்துக்காரன் ஒருவன் இரண்டு வியட்நாம் பையன்களோடு தரையில் சம்மணம் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தான். எத்தியோப்பியப் பெண்ணொருத்தி ஒரு கொரியப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சால்வடோர் பையன் ஒருவன் யாரோ ஒருவன் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

மூன்று வருடமாக அவர் கனவு கண்டது இதைத்தான். ஆனால் ஏன் இங்கே?

கதவைத் திறந்தார். எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"இங்க என்ன நடக்குது?"

"ஒண்ணும் இல்ல சார்," என்று கலைந்து போனார்கள்.

மறுநாள் ஒலிபெருக்கியில் அதைப் பற்றியே பேசினார். ஒன்றாய் இருப்பது என்றால் அவரவர் வகுப்பில் ஒன்றாய் இருப்பது, தையல் அறைக்கு யாரும் போகக்கூடாது என்று உதாரணங்களோடு விளக்கினார். வழக்கத்தைவிடச் சற்று நீண்டுவிட்டது. முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், தையல் அறையில் கூட்டம் இரண்டு மடங்கு.

"இப்பத்தானே அறிவிப்பு செஞ்சேன். கேக்கலையா?"

"இல்லியே சார்," என்றார்கள் எல்லாரும். ஒரு முகத்திலும் குறும்பு இல்லை. அதுதான் அவரை ரொம்பக் குழப்பியது.

நாற்காலிகளை வெளியே எடுக்கச் சொன்னார். ஜமக்காளம் வந்தது. கூடுதலாக ஆட்களும் வந்தார்கள், தரையில் இடம் தாராளமாக இருந்ததால்.

மாணவர் தலைவி ஹிருட்டைக் கூப்பிட்டார். பொறுப்பான பெண். "நீ போய் உக்காந்து பாரும்மா. சூதாட்டமா, புகையா, ஏதாவது ரகசியக் குழுவா, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு."

போனவள் அன்று திரும்பி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டாள். கக்கத்தில் ஒரு தலையணை.

"ஹிருட், என்ன ஆச்சு?"

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல சார். சும்மா உக்காந்திருக்கோம்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான் சார்." அவள் அவரைப் பார்த்த பார்வையில் ஏதோ இரக்கம் தெரிந்தது. ஏனென்று அவருக்குப் புரியவில்லை.

அடுத்ததாகப் பள்ளிக் காவலாளி டெஸ்மண்டை அனுப்பினார். புகை நாற்றத்தைப் பத்து அறை தள்ளியே மோப்பம் பிடிக்கிறவர். அவரை ஹாஸ்கெலே தேடிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஜமக்காளத்தில் சுவரோரம் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"சந்தேகப்படும்படியா ஒண்ணும் இல்ல சார்," என்றார் எழுந்தபடி. "ஆனாலும் நாளைக்கும் ஒரு தடவை வந்து பாத்துடுறேன்."

இனி விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று ஹாஸ்கெல் பேச்சை முழு அரை மணிக்கும் நீட்டினார். கேள்விபதில் சேர்த்தார். ஒருநாள் கிதார் எடுத்துவந்து தானே பாடிப் பார்த்தார். அன்றைக்குத் தையல் அறைக் கதவை மூட முடியவில்லை என்று டெஸ்மண்ட் சொன்னார்.

விஷயம் முதல்வர் திருமதி ஒஸோரியோ காதுக்குப் போயிற்று.

"வாரன், வகுப்பெல்லாம் காத்தாடுது. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும். இல்லன்னா அந்த அரை மணி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் குடுத்துடுவேன்."

"மேடம், எல்லாரும் கலந்து பழகுறாங்க. நான் கேட்டதே அதான். அந்த ரூம்ல என்னமோ இருக்கு. அது என்னன்னு தெரிஞ்சா எல்லா வகுப்புக்கும் கொண்டுபோயிடலாம்."

"அப்ப போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை. அன்றைய பேச்சைக் காலையிலேயே பதிவுசெய்து, நேரம் வந்ததும் ஓடவிடும்படி அலுவலகத்தில் கொடுத்தார். கோட்டையும் டையையும் கழற்றினார். சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் முதல் ஆளாகத் தையல் அறைக்குப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளைகள் வந்தார்கள். அவரைப் பார்த்ததும் தயங்கினார்கள். ஹிருட் கண்ணைக் காட்டவும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரை மறந்துபோனார்கள். சீட்டுக்கட்டு வெளியே வந்தது. யாரோ ஒரு சமோசாவைப் பிட்டு அவர் கையில் பாதியை வைத்துவிட்டுப் போனான். வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தது. மெல்லிய பேச்சும், நடுநடுவே சிரிப்பும்.

பல வருடமாக அவர் இப்படி உட்கார்ந்ததில்லை. தோள்கள் தாமாகத் தளர்ந்தன. இது என்ன இடம், இதில் என்ன மாயம் இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய தையல் இயந்திரங்கள், உடைந்த அலமாரி, நிறம் மங்கிய ஒரு துணிப் பொம்மை. வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பக்கத்தில் ஒரு பெண் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் இதுவரை பார்த்திராத முகம்.

"உன் பேரென்னம்மா?"

"ஐநூரா. கிர்கிஸ்தான்லேர்ந்து வந்திருக்கோம். இந்த வாரம்தான் சேந்தேன்." அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், நீங்களும் புதுசா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கட்டுமா? இவங்க சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க மாட்டாங்க. இங்க மட்டும் எப்படி இவ்ளோ ஒத்துமை?"

ஐநூரா அக்கம்பக்கம் பார்த்தாள். ஒரு சுளையை அவரிடம் நீட்டியபடி, புது ஆளுக்குப் புது ஆள் உதவுகிற பரிவோடு சொன்னாள்:

"ஸ்கூல் முழுக்க இந்த ஒரு ரூம்லதான் சார் ஸ்பீக்கர் வேலை செய்யல."