மத்தி டப்பாக்களைத் திருப்பிய விவகாரம்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நம் மீன் டப்பா ஆலையின் பாய்லரும் நலம். அங்கே எல்லோருடைய நலமும் அப்படியே இருக்கட்டும்.

சமாதானம் பேச ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். சண்டை தீர்ந்துவிட்டது. தீர்ந்த விதத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால், மீன் அடுக்கும் மேசையில், வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் அக்கா அடுக்கிய டப்பாவைக் கையில் எடுத்து "பரவாயில்லை" என்றேன். அவ்வளவுதான் மச்சான், ஒரே ஒரு வார்த்தை! தோல் கிழியாமல், வால் மாற்றி மாற்றி மத்தியை அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வாய் சும்மா இருந்ததா? இல்லை. அன்றிலிருந்து எங்களுக்கு நடுவில் பாய்லர்காரர்தான் தபால்காரர். "அண்ணே, சாப்பாடு ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பாள். நானும் அவளும் சாப்பாடும் ஒரே மேசையில்தான் இருப்போம். வேளை தவறாமல் வந்து உட்கார்ந்து, அந்த மனுஷன் நாலு கிலோ ஏறிவிட்டார்.

இதில் டப்பாக்கள் மாட்டிக்கொண்டன. நம்முடையது சீல் வைத்த அன்றே விற்கிற சரக்கா? ஒரு வருஷம் எண்ணெயில் ஊற வேண்டும். மாதம் முதல் தேதி ஒவ்வொரு டப்பாவையும் கையால் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மேல் பக்கத்து மீன் வறண்டுபோகும். மூவாயிரம் டப்பா! இத்தனை காலமும் இருவரும் சேர்ந்துதான் திருப்பினோம். பேச்சே இல்லாதபோது எங்கே சேர்ந்து திருப்புவது?

போன வாரம் பெரிய கடைக்காரர் ருசி பார்க்க வந்தார். அவர் சரி என்றால் மூவாயிரமும் ஒரே லாரியில் போகும். வேண்டாம் என்றால் அடுத்த பருவத்துக்கு மேசையில் மீனும் இருக்காது, அடுக்க ஆளும் இருக்காது. ஒரு டப்பாவைத் திறந்தார். அடி மீன் வெண்ணெய். மேல் மீன் துடைப்பக்குச்சி. இன்னொன்றைத் திறந்தார், அதுவும் அதே கதி. "என்னங்க, திருப்பவே இல்லையா?" என்றார்.

"மாசாமாசம் ஒண்ணாந்தேதி, விடியக்காலையில, நானே திருப்பினேங்க!" என்றேன்.

உங்கள் அக்கா ஆறு மாதத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "ஐயையோ, நீங்களுமா? மத்தியானம் நீங்க தூங்கறப்ப நான் திருப்பினேனே!" என்றாள்.

ஆக, காலையில் நான் கவிழ்த்ததை மத்தியானம் அவள் நிமிர்த்தியிருக்கிறாள்! கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு, நாற்காலியே ஆடியது. "வீம்புக்கு உழைக்கிற புருஷன் பொண்டாட்டிய இப்பத்தான் பார்க்கறேன். இன்னும் ஆறு மாசம் ஒழுங்கா திருப்புங்க, மொத்தமும் நானே எடுத்துக்கறேன். ஆமா, அடுக்கினது யாரு? இப்படி ஒரு கைய நான் பார்த்ததே இல்ல" என்றார். "என் சம்சாரம்தாங்க, அவளை மிஞ்ச ஆள் கிடையாது" என்றேன். அன்றைக்குச் சாப்பாடு ஆறுவதை என்னிடமே சொன்னாள். பாய்லர்காரருக்குத்தான் வருத்தம்.

நினைத்தால் நெஞ்சு நிறைகிறது மச்சான். கோபத்திலும் கடமை தவறாத பெண்ணை எனக்குக் கட்டிக்கொடுத்த உங்கள் குடும்பம் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
மனநிறைவுடன் உங்கள் அத்தான்

பி.கு.: இது அக்காவுக்குத் தெரியவே கூடாது. நான் ஒரு மாதம்கூடத் திருப்பவில்லை. அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். ஆனால் அவள்தான் ஒழுங்காகத் திருப்பியிருக்கிறாளே, பிறகு மீன் ஏன் வறண்டது? அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

தம்பி, ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், பிரிச்சுப் படிச்சிட்டேன். அவர் திருப்புவாருன்னுதான் நானும் இருந்தேன். மனுஷன் இப்பத்தான் சந்தோஷமா இருக்கார், அவருக்குப் பிடிபட வேண்டாம். நீ வாயத் திறந்தே, தொலைச்சிடுவேன். - அக்கா